கிளேஸும் ஒரு பாகுதான்: வீட்டில் இனிப்புக் கார சிக்கன் விங்ஸ்

முதல் தடவை வீட்டில் சிக்கன் விங்ஸ் செய்தபோது, எனக்குத் தெரிந்த சிக்கன் வறுவல் முறையிலேயே செய்தேன். இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு எல்லாம் போட்டு, கூடவே நாலு ஸ்பூன் தேனும் சோயா சாஸும் ஊற்றிப் பிசறி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவைத்து, மறுநாள் மதியம் காய்ந்த எண்ணெயில் போட்டேன். இரண்டே நிமிஷத்தில் கருத்துப்போனது. பதறி எடுத்துப் பிய்த்துப் பார்த்தால் எலும்பை ஒட்டி இன்னும் பச்சையாக இருந்தது. அடுத்த ஈட்டைத் தீயைக் குறைத்துப் போட்டேன். உள்ளே வெந்தது, ஆனால் மேலே தார் பூசிய மாதிரி ஒரு கசப்பு, எண்ணெய் முழுக்கக் கருகல் துகள். கடையில் சாப்பிட்டபோது பார்த்த பளபளப்பு, கடித்தால் முதலில் தோல் நொறுங்கி, அப்புறம் இனிப்பு வந்து, அதன் பின்னாலேயே காரம் ஏறும் அந்த வரிசை, எதுவுமே இல்லை.

மசாலாவில் தப்பில்லை. தேனை முதலில் போட்டதுதான் தப்பு. இந்த விங்ஸில் இனிப்பு கடைசியில் வரவேண்டும், அதுவும் பாகாகக் காய்ச்சி வரவேண்டும். இது பிடிபட்டுவிட்டால் மிளகாயையும் வெல்லத்தையும் பூண்டையும் உங்கள் வீட்டு ருசிக்கு எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதனால் அளவுகளுக்குப் போவதற்கு முன்னால் கிளேஸ் என்றால் என்ன, அது ஏன் ஒட்டுகிறது, ஏன் மின்னுகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

ஊறுகாய் ஜாடியிலிருந்து ஆரம்பிப்போம்

வீட்டில் பழைய பீங்கான் ஊறுகாய் ஜாடி இருந்தால் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். தரையில் உட்காரும் விளிம்பு மட்டும் சொரசொரப்பாக மண் மாதிரி இருக்கும். மற்ற இடமெல்லாம் வழவழவென்று கண்ணாடி போட்ட மாதிரி மின்னும். அந்தக் கண்ணாடிப் பூச்சுக்குப் பெயர்தான் கிளேஸ். சமையலிலும் அதே அர்த்தம்தான். உணவின் மேல் மெல்லியதாக, ஒரே சீராகப் படிந்து, விளக்கு வெளிச்சத்தில் மின்னுகிற ஒட்டும் பூச்சு.

ஊறவைக்கும் மசாலா வேறு, தொட்டுக்கொள்ளும் சாஸ் வேறு, கிளேஸ் வேறு. மசாலா வேகுவதற்கு முன்னால் போடுவது. அதில் உப்புதான் கறிக்குள் நன்றாக இறங்கும், மற்றதெல்லாம் பெரும்பாலும் மேலேயே நிற்கும். சாஸ் கிண்ணத்தில் தனியாக இருக்கும், தண்ணியாக இருந்தாலும் பரவாயில்லை. கிளேஸ் மட்டும் வெந்து முடிந்த பொருளின் மேல் போய் உட்கார்ந்து, சூட்டிலேயே இறுகி, அதோடு ஒன்றாகிவிட வேண்டும்.

ஜப்பானியர்கள் சொல்லும் தெரியாக்கி என்ற பேரிலேயே இது இருக்கிறது. 'தெரி' என்றால் பளபளப்பு, 'யாக்கி' என்றால் சுட்டது. சோயா சாஸையும் இனிப்பான அரிசி மதுவையும் சுண்டக் காய்ச்சி, சுடும்போது மேலே தடவித் தடவி மினுக்குவது. அங்கே நகோயா நகரத்தில் தெபசாக்கி என்று ஒரு கோழி இறக்கைப் பொரியல் பிரபலம்; பொரித்த சூட்டோடு இனிப்பான சோயாப் பாகைத் தடவி, மேலே மிளகும் வெள்ளை எள்ளும் தூவித் தருவார்கள். கொரியாவின் யாங்னியோம் சிக்கன் இன்னும் நமக்கு நெருக்கமானது. 1980 வாக்கில் தெகு நகரத்தில் கோழிக்கடை வைத்திருந்த யூன் ஜொங்-கே என்பவர்தான் அதற்கு ஆரம்பம் என்று சொல்வார்கள். மிளகாய், பூண்டு, மாவுச்சத்திலிருந்து எடுக்கும் ஒரு இனிப்புப் பாகு, எல்லாம் சேர்ந்த சிவப்புக் குழம்பில் பொரித்த கோழியைப் பிரட்டுவது. இனிப்புக் கார விங்ஸ் என்று இப்போது பல ஊர்களில் விற்பதெல்லாம் கிட்டத்தட்ட இந்த வழியில் வந்ததுதான்.

அமெரிக்காவின் பஃபலோ விங்ஸை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1964-ல் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரில், ஆங்கர் பார் என்ற கடையில் டெரசா பெல்லிசிமோ செய்தது என்று சொல்லப்படும் அந்த விங்ஸில் மிளகாய் சாஸும் வெண்ணெயும்தான், இனிப்பு கிடையாது. அது புளிப்பும் காரமுமான சாஸ். அருமையாக இருக்கும், ஆனால் கிளேஸ் இல்லை. நம் ஊர் சைனீஸ் கடைகளில் சின்ன வயதிலிருந்து சாப்பிடும் சிக்கன் லாலிபாப்பும் பெரும்பாலும் இறக்கைதான். தசையை எலும்பின் ஒரு முனைக்கு ஒதுக்கித் தள்ளி உருண்டையாக்கியது. ஆக, விங்ஸ் நமக்கு ஒன்றும் புதுசில்லை.

பதம்

என் அத்தை அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது தெர்மாமீட்டர் எதுவும் கிடையாது. கரண்டியைத் தூக்கி, நுனியிலிருந்து வழியும் ஒரு சொட்டைக் கட்டைவிரலில் வாங்கி, ஆள்காட்டி விரலால் தொட்டுத் தொட்டு எடுப்பார். முதலில் வெறுமனே பிசுபிசுக்கும். கொஞ்ச நேரம் கழித்து விரல்களைப் பிரித்தால் நடுவில் மெல்லிய நூல் ஒன்று இழுபட்டு உடனே அறும். அப்புறம் அறாமல் நிற்கும். அதற்கும் அப்புறம் ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அதை உருட்டிப் பார்ப்பார். பிசுக்குப் பதம், கம்பிப் பதம், உருட்டுப் பதம். கிளேஸுக்குத் தேவையான அறிவு மொத்தமும் இந்த மூன்று சொற்களில் இருக்கிறது.

நடப்பது இதுதான். சர்க்கரை கரைந்த தண்ணீர் கொதிக்கும்போது தண்ணீர் மட்டும் ஆவியாகப் போகிறது, சர்க்கரை தங்குகிறது. சர்க்கரை அடர்த்தியாக ஆக, கொதிக்கும் வெப்பநிலையும் ஏறும். வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கம்பிப் பதம் வரும்போது பாகு சுமார் 106 முதல் 112 டிகிரிக்குள் இருக்கும், தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருண்டையாகும் பதம் சுமார் 112 முதல் 116. அதாவது பதம் என்பது பாகில் இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதற்கான அடையாளம்.

இந்தத் தண்ணீர்க் கணக்குதான் விங்ஸின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. மொறுமொறுப்பு என்றால் அங்கே தண்ணீர் இல்லை என்று பொருள். அதன் மேல் தண்ணியான எதை ஊற்றினாலும் தோல் அந்தத் தண்ணீரைக் குடித்து நமத்துப் போகும். குலாப் ஜாமூனை நினைத்துக்கொள்ளுங்கள்: பொரித்து எடுக்கும்போது மேலே ஒரு மெல்லிய ஓடு இருக்கும், பிசுக்குப் பதத்துச் சீராவில் ஊறியதும் அந்த ஓடு காணாமல் போய்விடும், அங்கே நமக்கு வேண்டியதும் அதுதான். மனோகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: தேன்குழலை உடைத்து, உருட்டுப் பதத்து வெல்லப் பாகில் பிரட்டுகிறோம், நாள் கணக்கில் கரகரவென்று இருக்கிறது. இரண்டுமே பொரித்த பொருள், இரண்டிலுமே இனிப்புப் பாகு, வித்தியாசம் பதத்தில்தான்.

விங்ஸுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில். மனோகரம் அளவுக்குப் போனால் பல்லில் மிட்டாய் மாதிரி ஒட்டும், ஆறினால் கல்லாகிவிடும். ஜாமூன் சீரா அளவில் நிறுத்தினால் தோல் போச்சு. விரலில் எடுத்தால் நூல் வரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் இடம், அதாவது கம்பிப் பதத்தின் வாசல், அங்கே நிறுத்த வேண்டும். இதில் சோயா சாஸ், மிளகாய் விழுது, வெண்ணெய் எல்லாம் கலந்திருப்பதால் நூல் சர்க்கரைப் பாகில் வருவது போலச் சுத்தமாக வராது. அதனால் ஒரு எவர்சில்வர் தட்டைப் பத்து நிமிஷம் ஃப்ரீசரில் வைத்து, அதில் ஒரு சொட்டு விட்டுத் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். ஓடினால் இன்னும் காய வேண்டும். தேன் மாதிரிச் சோம்பலாக நகர்ந்தால் அடுப்பை அணைத்துவிடலாம். நகராமல் நின்றால் தாண்டிவிட்டது, ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் கலக்கினால் சரியாகிவிடும். கொதிக்கும்போது எந்தப் பாகும் தண்ணியாகத்தான் தெரியும், ஆறும்போதுதான் கெட்டியாகும். இது தெரியாமல் அடுப்பிலேயே கெட்டியாகட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம்.

சில செய்முறைகளில் கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றிச் சாஸைக் கெட்டியாக்கச் சொல்வார்கள். பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் மாவு தண்ணீரை வெளியே அனுப்பவில்லை, பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் அப்படியே விங்ஸுக்கு வந்து சேரும். கோபி மஞ்சூரியன் கொஞ்ச நேரத்தில் நமத்துப்போவது இதனால்தான். கிளேஸுக்குள் மாவு போடுவதை நான் முழுசாக விட்டுவிட்டேன்.

இனிப்பு ஏன் கடைசியில்

சர்க்கரை சுமார் 160 டிகிரியைத் தாண்டியதும் நிறம் மாறி, கொஞ்ச நேரத்தில் கசக்க ஆரம்பிக்கும். தேனில் பழச்சர்க்கரை அதிகம், அது சுமார் 110 டிகிரியிலேயே மாற ஆரம்பித்துவிடும். பொரிக்கும் எண்ணெயோ 170, 180-ல் இருக்கிறது. இறக்கை எலும்பு வரை வேக எட்டுப் பத்து நிமிஷமாவது வேண்டும். தேன் தடவிய இறக்கையை அதில் போட்டால் கறி வேகும் முன்பே தேன் கருகித்தான் ஆக வேண்டும், வேறு வழியே இல்லை. நான் செய்த முதல் ஈட்டில் நடந்தது இதுதான்.

போதாததற்கு, கறியில் இருக்கும் புரதமும் சில வகைச் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகும் ஒரு வேதிவினையும் உண்டு. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மயார் 1912-ல் விவரித்ததால் அவர் பேரிலேயே வழங்குகிறது. தோசை முறுகுவதும் கறி வறுபடும் மணமும் இதே வினைதான். அளவாக நடந்தால் ருசி. தேனை முதலிலேயே கொட்டினால் அதன் வேகத்தை நாம் கட்டுப்படுத்த முடியாது. அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறோம்: இனிப்பில்லாத இறக்கை பெரிய சூட்டில், இனிப்புப் பாகு சின்னச் சூட்டில் தனியாக, இரண்டும் கடைசியில் சந்திக்கட்டும்.

இறக்கை வாங்குவது

நம் ஊர்க் கறிக்கடையில் கேட்காவிட்டால் தோலை உரித்துத்தான் தருவார்கள். விங்ஸுக்குத் தோல் வேண்டும். கிளேஸ் ஒட்டுவதும் தோலில்தான், மொறுமொறுப்பும் தோலில்தான். தோல் இல்லாத இறக்கையில் கறி சீக்கிரம் வறண்டு நாராகிவிடும். "தோலோட, இறக்கை மட்டும், ஒரு கிலோ" என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். ஒரு கோழிக்கு இரண்டு இறக்கைதானே, பத்துப் பன்னிரண்டு இறக்கை சேர வேண்டும் என்றால் கடைக்காரருக்கும் நேரம் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மூட்டில் கத்தியை வைத்து மூன்றாகப் பிரியுங்கள்: லாலிபாப் மாதிரி இருக்கும் ஒரு துண்டு, இரண்டு மெல்லிய எலும்பு ஓடும் தட்டையான நடுத்துண்டு, கறியே இல்லாத நுனி. எலும்பை வெட்டாதீர்கள், விரலால் தடவி மூட்டின் பள்ளத்தைக் கண்டுபிடித்தால் கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். நுனியைத் தூக்கிப் போட வேண்டாம், சூப்புக்கு அதைவிட நல்ல எலும்பு கிடையாது.

எனக்கு நடுத்துண்டுதான் பிடிக்கும். தோல் அதிகம், கறி குறைவு, அதனால் கிளேஸ் அதிகம்.

அப்புறம் ஈரம். மஞ்சள் போட்டு அலசுவது நம் வீடுகளில் பழக்கம். குழாயடியில் வேகமாக அலசினால் பச்சைக் கறியில் இருக்கும் கிருமி சுற்றி எல்லா இடத்திலும் தெறிக்கும், அதனால் அலசியே ஆக வேண்டும் என்றால் பாத்திரத்துக்குள் மெதுவாக அலசி, தொட்டியை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு துண்டையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி, உப்பு ஒன்றரை டீஸ்பூன், மிளகுத்தூள், இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் பிசறி, ஒன்றை ஒன்று தொடாமல் தட்டில் பரப்பி, மூடாமல் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் தோல் காகிதம் மாதிரி உலர்ந்து லேசாகக் கண்ணாடித்தன்மையோடு இருக்கும், தொட்டாலே தெரியும். பேக்கிங் பவுடர் தோலின் மேற்பரப்பைக் கொஞ்சம் காரத்தன்மைக்கு (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான குணம்) மாற்றுவதால் அது சீக்கிரம் சிவக்கும், நன்றாக மொறுக்கும். ஆப்ப சோடாவை அதே அளவு போட்டுவிடாதீர்கள், சோப்பு ருசி வந்துவிடும்.

வேகவைப்பது

ஓவன் இருந்தால் வேலை சுலபம். தட்டில் ஃபாயில், அதன் மேல் கம்பி வலை, வலைமேல் இறக்கைகள், 220 டிகிரியில் 40 முதல் 45 நிமிஷம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். ஏர் ஃப்ரையரில் 200 டிகிரியில் 20, 25 நிமிஷம், கூட்டம் சேர்க்காமல். இரண்டிலும் தோலின் கொழுப்பே உருகி அதைப் பொரித்துவிடும்.

எண்ணெயில் பொரிப்பதானால் பேக்கிங் பவுடரை விட்டுவிட்டு, உலர்ந்த இறக்கைகள் மேல் கார்ன்ஃப்ளார் மெல்லியதாகத் தூவி, உதறிவிட்டுப் போடுங்கள். கடையில் வெறும் சோள மாவு என்று கேட்டால் சில ஊர்களில் சோளத்தை அரைத்த மாவைத் தந்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும், விரலில் தேய்த்தால் கிரீச்சிடும் வெள்ளை மாவு. முதல் ஈடு நடுத்தரச் சூட்டில், 150, 160 டிகிரி இருக்கும், எட்டு நிமிஷம். எடுத்துப் பத்து நிமிஷம் வலைமேல் ஆறவிடுங்கள். உள்ளேயிருக்கும் ஈரம் அந்த நேரத்தில் தோல்பக்கம் வரும். அப்புறம் எண்ணெயை நன்றாகக் காயவைத்து, 185, 190 டிகிரியில் இரண்டு மூன்று நிமிஷம் மறுபடி போட்டால் வெளியே வந்த அந்த ஈரமும் போய்விடும். கொரியாவில் செய்வது இப்படித்தான். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் காதை நம்புங்கள். முறுக்கு வெந்ததை எண்ணெயின் சத்தம் அடங்குவதை வைத்துக் கண்டுபிடிப்போமே, இங்கேயும் அதேதான். சலசலப்பு என்பது தண்ணீர் வெளியேறும் சத்தம், அது குறைந்தால் தோல் காய்ந்துவிட்டது.

கோழி 74 டிகிரி உள்வெப்பம் தொட்டால் பாதுகாப்பு என்று அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்கிறது. இறக்கையை அங்கே நிறுத்த வேண்டாம் என்பேன். இதில் இணைப்புத் திசு அதிகம், 85, 90 வரை போனால்தான் அது இளகிக் கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும். இளம் பிராய்லர் கோழியில் நன்றாக வெந்த பிறகும் எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பு தெரியலாம். அது எலும்பு மஜ்ஜையின் நிறம். உள்வெப்பம் அந்த 74 டிகிரியைத் தாண்டியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

கிளேஸ் காய்ச்சுவது

ஒரு கிலோ இறக்கைக்கு என் அளவு இது. காஷ்மீரி மிளகாய் எட்டு, நீட்டு மிளகாய் மூன்று, விதையை உதறிவிட்டு வெந்நீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து, ஆறு பல் பூண்டும் சின்னத் துண்டு இஞ்சியும் சேர்த்து நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். காஷ்மீரி மிளகாய் நிறத்துக்கு, நீட்டு மிளகாய் காரத்துக்கு. அரைத்ததை வடிகட்டி எடுப்பது முக்கியம், நான் முதலில் இதை அலட்சியம் செய்தேன். மிளகாய்த் தோலின் திப்பி இருந்தால் பூச்சு சொரசொரப்பாகிவிடும், சொரசொரப்பான மேற்பரப்பு மின்னாது, ஊறுகாய் ஜாடியின் அடி விளிம்பு மாதிரிதான்.

அடி கனமான வாணலியில் ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெயை உருக்கி, விழுதைச் சின்னத் தீயில் பச்சை வாசனை போகும் வரை வதக்குங்கள், மூன்று நிமிஷம் ஆகும். மிளகாயின் காரமும் சிவப்பும் கொழுப்பில்தான் கரையும், தண்ணீரில் கரையாது, அதனால் இந்த வதக்கலைத் தவிர்த்தால் நிறமே எடுக்காது. பூண்டு மட்டும் சிவக்க விடாதீர்கள், கசந்துவிடும். பிறகு சோயா சாஸ் மூன்று டேபிள்ஸ்பூன், வினிகர் இரண்டு, நாட்டுச் சர்க்கரை மூன்று, கால் டம்ளர் தண்ணீர். கொதித்து நுரை பெரிய பெரிய குமிழாக மாறும்போது தேன் மூன்று டேபிள்ஸ்பூன் சேர்த்து இன்னும் இரண்டு நிமிஷம். தட்டுச் சோதனை. அணைத்துவிடுங்கள். உப்பு போடும் முன் ஒரு துளி ருசி பாருங்கள், சோயா சாஸிலும் இறக்கையிலும் ஏற்கனவே உப்பு இருக்கிறது. நான் தனியாக உப்பு சேர்ப்பதே இல்லை.

வினிகர் எதற்கு என்று கேட்பார்கள். இனிப்பு திகட்டாமல் இருக்க என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஜாமூன் சீராவில் ஏன் ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழிகிறோம்? புளிப்பு சர்க்கரையைக் கொஞ்சம் உடைத்துவிடும், அதனால் பாகு பூத்துக் கற்கண்டு கட்டாது. தேனும் இதே உதவியைச் செய்யும். வெறும் சர்க்கரை மட்டும் போட்டுக் காய்ச்சிய கிளேஸ் ஆறியதும் மங்கலாகிப் பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். வினிகருக்குப் பதில் புளிக்கரைசல் சேர்த்தும் செய்திருக்கிறேன், நிறம் இன்னும் ஆழமாக வருகிறது. வெல்லம் போட்டால் முதலில் கரைத்து மண் வடிகட்டிக்கொள்ளுங்கள். கருப்பட்டியும் மிளகும் சேர்ந்தால் வாசனையே தனி, ஆனால் அப்போது பூண்டைப் பாதியாகக் குறைக்க வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

பிரட்டுவது

இங்கேதான் அவசரம் கூடாது, தாமதமும் கூடாது. இறக்கை சூடாக இருக்க வேண்டும், கிளேஸ் வெதுவெதுப்பைவிடக் கொஞ்சம் அதிகச் சூட்டில் இருக்க வேண்டும். ஆறிய கிளேஸ் திட்டுத் திட்டாக ஒட்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தண்ணியாக ஓடி அடியில் தேங்கும். அகலமான பாத்திரத்தில் இறக்கைகளைப் போட்டு, கிளேஸில் முக்கால் பங்கை ஓரமாக ஊற்றி, கரண்டி போட்டுக் கிளறாமல், முறத்தில் புடைக்கிற மாதிரிப் பாத்திரத்தையே தூக்கிக் குலுக்குங்கள். கரண்டி தோலைக் கிழிக்கும். பத்துப் பன்னிரண்டு குலுக்கலில் ஒவ்வொரு துண்டும் நிறம் மாறி மின்ன ஆரம்பிக்கும், பாத்திரத்தில் எழும் சத்தமும் வறண்ட கடகடப்பிலிருந்து ஒட்டி ஒட்டி விடும் சத்தமாக மாறும். ஓவன் வைத்திருப்பவர்கள் இதை மறுபடி வலைமேல் அடுக்கி, 220 டிகிரியில் மூன்று நிமிஷம் மட்டும் வைத்து, மிச்சக் கிளேஸை பிரஷ்ஷால் இரண்டாவது பூச்சாகத் தடவலாம். மூன்று நிமிஷமும் ஓவன் பக்கத்திலேயே நில்லுங்கள். வறுத்த வெள்ளை எள், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், போதும்.

உடனே சாப்பிட வேண்டும். சர்க்கரைக்குக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு, தேனுக்கு இன்னும் அதிகம். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் அரைமணி நேரம் மேசைமேல் வைத்தால் பூச்சு வியர்த்துவிடும். விருந்தாளி வருவதாக இருந்தால் இறக்கையையும் கிளேஸையும் தனித்தனியாகத் தயாராக வைத்து, எல்லோரும் உட்கார்ந்த பிறகு பிரட்டுங்கள். ஒரு வயதுக்குள் குழந்தை இருந்தால் ருசிக்குக்கூடத் தேன் சேர்ந்த எதையும் நாக்கில் வைக்க வேண்டாம், காய்ச்சிய தேனாக இருந்தாலும்.

முதல் முறையே எல்லாம் சரியாக வரும் என்று சொல்ல மாட்டேன். பளபளப்பு இருக்கிறது ஆனால் தோல் நமத்துவிட்டது என்றால் பாகு பதம் போதவில்லை, அல்லது இறக்கை சரியாக உலரவில்லை. கிளேஸ் வழிந்து தட்டில் நிற்கிறது, இறக்கை வெளிறி இருக்கிறது என்றால் தோலில் எண்ணெய் வடியவில்லை, வலைமேல் ஒரு நிமிஷம் நிறுத்தியிருக்க வேண்டும். காரம் மட்டும் தூக்கலாக இருந்தால் சர்க்கரையை அள்ளிப் போடாமல் இன்னும் ஒரு ஸ்பூன் வெண்ணெய் சேர்த்துப் பாருங்கள். வாணலியில் ஒட்டியதைச் சுரண்டவே வேண்டாம், அதிலேயே தண்ணீர் ஊற்றி ஒரு கொதி விட்டால் சர்க்கரை தானாகக் கரைந்து வந்துவிடும்.

கிளேஸ் மட்டும் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சி, கோழியில் படும் முன்பே ஒரு கண்ணாடி பாட்டிலில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன், ஒரு வாரம் தாங்கும். கெட்டிப்பட்டிருந்தால் ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுச் சூடுபண்ணினால் இளகிவிடும். போன ஞாயிற்றுக்கிழமை அதைச் சேப்பங்கிழங்கு வறுவல் மேல் ஊற்றி, அதே மாதிரி குலுக்கி வைத்தேன். அசைவமே தொடாத அம்மா ரசம் சாதத்துக்கு அதைத் தொட்டுக்கொண்டு, கிண்ணத்தில் இன்னும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.